துப்பாக்கிச் சத்தத்துக்கு அடியில்

எனக்குக் கேட்டது. தட்டியவர் யார் என்றும் தெரிந்தது. நான் கதவைத் திறக்கவில்லை.

இத்தனை வருடமாக "கேட்கவில்லை" என்றே சொல்லிவந்தேன். முதன்முறையாக உங்களிடம் சொல்கிறேன்...

அப்போது கிழக்கிலங்கையில், மருதமுனையில் ஒரு வீடியோக் கடையில் எனக்கு வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனால் வாய் நீளம். ஆங்கில யுத்தப் படங்களைக் கொப்பி எடுக்கும்போது, மைக்கைப் பிடித்துத் தமிழில் கதை சொல்வேன். படச் சத்தத்தோடு என் பேச்சும் பதிவாகும். சனம் அந்தக் கொப்பியைத்தான் கேட்டு வாங்கும்.

அன்று பகல் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். வெளியே ராணுவச் சுற்றிவளைப்பு; ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடையைப் பூட்டி உள்ளே தனியே இருந்தேன். திரையில் ஒரு சிப்பாய் பூட்டிய கதவொன்றின் முன்னால் நின்று வாயசைத்தான். அப்போதுதான் எங்கள் கதவில் மூன்று தட்டல்.

"மச்சான்... நான் லாபிர். தொற, கெதியாத் தொற!"

என் மூத்த சகோதரி, ராத்தாவின் கணவர். நாற்பது நாள் ஆகாத பெண்பிள்ளைக்கு வாப்பா.

நான் என்ன செய்தேன் தெரியுமா? படச் சத்தத்தைக் கூட்டினேன்! மைக்கை விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன்.

பயம்தான். ஆனால் ஒரு தாழ்ப்பாளைத் தள்ள எவ்வளவு நேரம் வேண்டும்?

லாபிர் மச்சானை அதன்பின் யாரும் காணவில்லை. படச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று ராத்தாவிடம் சொன்னேன். நம்பினாள்.

நான் ஊரில் நிற்கவில்லை. ஒலுவிலில் படகு, பொத்துவிலில் ஹோட்டல் அடுப்படி... எங்கும் ஆறு மாதம் தாண்டவில்லை. சில நாள் சோறு, சில நாள் தண்ணீர். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

போன மாதம் ராத்தா வீட்டுக்குப் போனேன். அந்தப் பிள்ளை றிஸ்னா இப்போது ஆங்கில டீச்சர். பழைய கடை முதலாளி வீட்டில் கிடந்த, அன்று நான் எடுத்த கொப்பியைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தாள்.

"மாமா, உங்களுக்கு ஒரு சொட்டு இங்கிலீசும் தெரியாதுதானே! அந்தச் சிப்பாய் கதவத் தொறங்கண்டு கெஞ்சுறான். நீங்க என்னடாண்டா, 'தொறக்காதீங்க, தொறந்தா எல்லாரும் முடிஞ்சம்' எண்டுறீங்க!"

விழுந்து விழுந்து சிரித்தாள்.

என் இளவயதுக் குரல் பேசிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் மூன்று தட்டல். படத்து வெடி. மீண்டும் இரண்டு தட்டல். பிறகு, இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மட்டுமே கேட்கும் அளவுக்கு மெல்லிதாக... மச்சான்...

"இது என்ன மாமா தட்டுற சத்தம்? அவன்ட கை கதவுல படவே இல்லயே?"

"படத்துலதான் மகள்."

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"வாப்பாட குரல் எப்படி இரிக்கும் மாமா? எங்களுக்கிட்ட ஒரு கெசட்டுக்கூட இல்ல."

உலகத்தில் எஞ்சிய அவர் குரல் அவள் மேசைமேல் இருந்தது! அதைக் காட்டிக்கொடுத்தால் என்னையும் காட்டிக்கொடுக்க வேண்டும்...

"மறந்துட்டன் மகள்."

"சரி மாமா" என்றாள். என் பகிடியை இன்னொருமுறை கேட்கப் படத்தைப் பின்னுக்கு இழுத்தாள். சத்தத்தைக் கூட்டினாள்.

மூன்று தட்டல்.

என்னையறியாமல் எழும்பி வாசலுக்கு ஓடினேன்.

கதவு திறந்தே கிடந்தது.