மாஸ்டர் பீஸில் வைத்த சந்தனம்

மாரிசெல்விக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் கார் விளக்கு செய்யும் கம்பெனி ஒன்றில் மூன்று வருடமாகக் கான்ட்ராக்ட். சேரப்பணஞ்சேரியில் வாடகை அறை. பின்விளக்கின் மூலைவரை வெளிச்சத்தைக் கொண்டுபோகும் தெளிவான பிளாஸ்டிக் தண்டைச் சோதிப்பது அவள் வேலை. ஒரு முனையில் வெளிச்சம் கொடுத்து, மறுமுனையில் எவ்வளவு வருகிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் தொடங்கும்போது குறையில்லாத ஒரு தண்டை, அதாவது மாஸ்டர் பீஸை, மாட்டி அதன் அளவை நூறு என்று வைத்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான்.

ஆயுத பூஜை முடிந்து முதல் நாள், காலை ஷிஃப்ட். வந்த தண்டெல்லாம் நூற்றிருபதைத் தாண்டின. வரம்பு நூற்றுப்பத்து. பத்து மணிக்குள், கழித்ததைப் போடும் சிவப்புத் தொட்டியில் முந்நூறு.

லைன் லீடர் இளம்பரிதி நேராகத் தண்டை வார்க்கும் மோல்டிங் மிஷினுக்குப் போனார். அதை ஓட்டுபவர் உச்சிமாகாளி. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியவர்.

"செட்டிங்ல கை வச்சியா?"

"சத்தியமா தொடல சார்."

"தொடாமயே முந்நூறு பீஸ் தானா ஏறிச்சா? பூஜைல துன்ன சுண்டல் இன்னும் எறங்கலியா? அவுட் பாஸ் எழுதறேன், போய்க்கினே இரு."

மாரிசெல்விக்கு இது சரியாகப் படவில்லை. மோல்டிங் கெட்டால் வெளிச்சம் குறையும். எல்லாம் சொல்லிவைத்தாற்போல் கூடுமா? மாஸ்டர் பீஸை மறுபடி மாட்டி, கறுப்பு மூடியை இறக்கி, சந்து வழியே பார்த்தாள். தண்டின் பக்கமெல்லாம் இருட்டு. ஓரிடத்தில் மட்டும் சின்ன வட்டமாக எரிந்தது.

பூஜையன்று அவள் சந்தனம் வைத்த இடம். மிஷினுக்கும் மீட்டருக்கும் ஸ்பேனருக்கும் வைத்துவிட்டு இதை மட்டும் விட மனசு வரவில்லை. காலையில் ஈரத்துணியால் துடைத்தாள். போய்விட்டது என்றுதான் நினைத்தாள்.

பிளஸ் டூ பாடம் நினைவுக்கு வந்தது. தண்டுக்குள் ஓடும் வெளிச்சம், சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால் வெளியே போக வழியில்லை. முழுவதும் உள்ளேயே திரும்பும். மாறுநிலைக் கோணம் என்று மனப்பாடம் பண்ணி ஐந்து மார்க் வாங்கியிருக்கிறாள். வெளியே காற்று இருக்கும்வரைதான் அந்தக் கணக்கு. சந்தனம் ஒட்டிய இடத்தில் காற்று இல்லை. அங்கே அந்தக் கோணம் கூடிவிடும், காற்றிருந்தால் திரும்பியிருக்கும் வெளிச்சம் கசிந்துவிடும். மாஸ்டர் மங்கிப்போனது. மங்கியதை நூறு என்று வைத்ததால் நல்ல தண்டெல்லாம் அதிகமாகத் தெரிந்தன.

ஸ்பிரிட் பாட்டில் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு துடைப்பில் மீட்டர் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகிறவர்கள் பட்டியல், அதில் அவள் பெயர் உண்டு. ஆனால் உச்சிமாகாளியை அனுப்பியதும் எல்லாம் சரியானது என்றுதான் எழுதுவார்கள், பழி அவர் தலையில் நின்றுவிடும்.

துடைக்காமல் கூப்பிட்டாள். "சார், இதக் கொஞ்சம் பாருங்க."

இளம்பரிதி சந்தில் கண்ணை வைத்தார்.

"நாந்தான் சார், சந்தனம் வச்சேன்."

"மாஸ்டர்லயா? வெறுங்கையால தொடாதன்னு போர்டு மாட்டிக்கீதே, படிச்சியா இல்லியா?"

"படிச்சேன் சார். சாமிக்குத்தானன்னு..."

ஸ்பிரிட்டில் துடைத்து, முந்நூறையும் திரும்பச் சோதித்தார்கள். தொட்டியில் கீறல் விழுந்த நாலுதான் தேறவில்லை. கேட் வரை போன உச்சிமாகாளியைக் கூட்டி வந்தார்கள். அவள் மேசை அருகே நின்றார்.

"ஏ தாயி, பொட்டு வைக்க ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா?" சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு தன் மிஷினுக்குத் திரும்பினார்.

ஷிஃப்ட் முடியும்போது மாரிசெல்விக்கு மெமோ வந்தது. பட்டியலில் இந்த வருடம் பெயர் வராது என்று இளம்பரிதி தணிந்த குரலில் சொன்னார். 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தாள். உண்மைதானே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தாள்.