செல்லப்பாண்டியின் பிக்கப்புக்கு டர்போ வைத்தவன்

1. கைமாறிய வண்டி

செல்லப்பாண்டியின் பிக்கப் மலையடியில் முந்தலைத் தாண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டது என்று போன் வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தப்பாக நினைக்காதீர்கள். மலை வண்டி நின்றால்தான் போடியில் மெக்கானிக் வீட்டு அடுப்பு எரியும்.

அவர் ராசிங்காபுரத்துக்காரர், என் பழைய வாடிக்கை. பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்கு உர மூட்டை ஏற்றிப்போய், ஏலக்காய் மூட்டையோடு இறங்குவார். இன்னொரு தடவை வழியில் நின்றால் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும் என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள். புது வண்டிக்கு வசதி இல்லை. பழைய எஞ்சினுக்கே தெம்பு ஏற்ற வேண்டும்.

"எஞ்சினப் பிரிச்சுப் போர் அடிச்சு, பிஸ்டன் செட்டு போட்டு, நாசிலு, பம்பு எல்லாம் பாத்துட்டா ஏறிரும்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்று போனவர், வண்டியை அப்பாஸ் பட்டறையில் விட்டுவிட்டார்.

அப்பாஸும் நானும் ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்கள். நான் மூத்தவன். வண்டியைப் பார்த்ததும் அவன், "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, மூச்சுதான் பத்தல" என்றானாம். எடைக்குப் போன ஒரு ஜீப்பிலிருந்து, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவைக் கழற்றி வந்தான். புகை போகும் மேனிபோல்டை வெல்டிங் வைத்துப் பொருத்தி, ஆயில் லைன் இழுத்து, பெரிய ரேடியேட்டர் மாட்டி, பம்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டினான். நான் சொன்னதைவிடக் குறைந்த செலவில் வண்டி ஏறிவிட்டது.

அதற்குப்பிறகு மலை டிரைவர்கள் ஒவ்வொருவராக என்னை விட்டு அவனிடம் போனார்கள். டர்போ அப்பாஸ் என்று பட்டம் வேறு. எனக்கு வயிறு எரிந்தது. அவன் பட்டறை முன்னால் என்னென்ன வண்டி நிற்கிறது என்று பார்ப்பதற்காகவே எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போவேன். அந்த டீ வாயில் வைக்க விளங்காது.

2. மெட்டில்

ஒருநாள் மலை உச்சியில், போடிமெட்டில் ஒரு ஜீப்புக்குக் கிளட்ச் மாற்றக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ்சுக்கு நின்ற என்னைப் பார்த்துச் செல்லப்பாண்டி வண்டியை ஓரம் கட்டினார். "ஏறுங்கண்ணே, வெரசாப் போயிரலாம்."

முழு லோடு. முன்பு முதல் கியரில் முனகிய வளைவெல்லாம் இப்போது இரண்டாவதில் போனது.

"எப்படிண்ணே இழுக்குது?"

"ம்" என்றேன்.

நம் மலை டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மெட்டில் ஏற்றம் முடிந்து ரோடு மட்டமானதும் எஞ்சினை அணைத்துவிட்டு, மிச்சத் தூரத்தை உருட்டிக்கொண்டே போய் டீக்கடை முன்னால் நிற்பார்கள். டீசல் மிச்சமாம். செல்லப்பாண்டியும் சாவியைத் திருப்பினார்.

"ஏப்பா, அணைக்காத. மறுபடி ஸ்டார்ட் பண்ணு."

"எதுக்குண்ணே?"

"ஏத்தத்துல டர்போ பழுக்கக் காஞ்சு சுத்திக்கிட்டு இருக்கும். எஞ்சின் நின்னா அதுக்கு ஆயில் போகாது. உள்ள இருக்குற ஆயிலும் கருகி, பேரிங் பிடிச்சுரும். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்கணும்."

லாரிப் பட்டறையில் இருந்த காலத்தில் நான் தெரிந்துகொண்டது அது. அவர் மறுபடி ஸ்டார்ட் செய்து எஞ்சினை ஓடவிட்டார்.

"அப்பாஸ் அண்ணன் இதச் சொல்லலையே."

அன்று முழுக்க எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. கிளட்ச் மாற்றும்போது பாட்டுக்கூட வந்தது.

3. அப்பாஸ் பட்டறையில்

மலை இறங்கியதும் நேராக அப்பாஸிடம் போனேன். நாலு டிரைவர்கள் சேரட்டும் என்று காத்திருந்து, சத்தமாகவே ஆரம்பித்தேன்.

"டர்போ வச்சாப் போதுமா தம்பி? மெட்டுல அணைச்சு உருட்டுறானுக. கூடாதுன்னு சொல்லிவிட்டியா?"

'சொன்னேன், அவங்கதான் கேக்கல' என்று அவன் ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "இல்லண்ணே. உருட்டுற பழக்கம் எனக்கு நெனப்புக்கே வரல. விட்டுட்டேன்" என்றான். அங்கேயே போனை எடுத்து, செல்லப்பாண்டியில் தொடங்கி, டர்போ வைத்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டான். "தப்பு என் மேலதான். மெட்டுக்குப் போனதும் அணைச்சுராதீங்க. அண்ணன் வந்து சொல்லித்தான் எனக்கே உறைச்சது." ஒவ்வொரு போனிலும் என் பேரைச் சொன்னான்.

பக்கத்தில் தேவாரத்துக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டர்போ வைப்பதா வேண்டாமா என்று விசாரித்துப்போக வந்தவர். இந்த ஆளாவது கழன்றுகொள்வார் என்று நினைத்தேன்.

"என் வண்டிய நாளைக்குக் கொண்டாரேன், அப்பாசு. நீயே வச்சிரு" என்றார்.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். டர்போ வைப்பது பெரிய வித்தை இல்லை, பிறகு நானும் வைத்தேன். வாடிக்கைக்காரர் முன்னால் நின்று 'விட்டுட்டேன்' என்று சொல்வதுதான் எனக்கு இன்றுவரை வரவில்லை. அப்பாஸ் மேல் பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்பார்கள். எங்கே தீர்ந்தது? முன்பு அவன் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், இப்போது அவன் வாயைப் பார்த்துப் படுகிறேன்.