சென்டர் ஆஃப் அழகுத்தாய்

அழகுத்தாய் எட்டு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடினாள். ராஜபாளையத்தில் எந்த டீக்கடையில் இதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். வெளிநாட்டில் இப்படிப்பட்டவளுக்குத் தொழில்முறை ஆட்டக்காரி என்று பெயராம். நம் ஊரில், "மில்லுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் பந்து ஒதைக்கப் போற புள்ள."

மில்லின் பெயர் வேண்டாம். முதலாளியின் பேரப்பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள், எதற்கு வம்பு? 1985இல் அந்த முதலாளிக்குத் திடீரென்று பெண்கள் முன்னேற்றத்தில் அக்கறை வந்தது. சும்மா வரவில்லை. பக்கத்து மில்காரர் பெண்களை வைத்துக் கைப்பந்துக் கோப்பை ஒன்று வாங்கி, அதை ஆபீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். நம் முதலாளி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்கப் போனபோது, அந்தப் பெட்டிக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, காபி வர அரைமணி நேரம் ஆக்கிவிட்டார். பெண்கள் முன்னேற்றம் அந்த நாற்காலியில்தான் பிறந்தது.

ஆள் எடுத்த விதமும் அழகுதான். கேட்டிலிருந்து பஞ்சு குடோன் வரைக்கும் ஓட வேண்டும். முதலில் வந்த பதினான்கு பேர் அணி. அழகுத்தாய்க்கு அப்போது பதினெட்டு வயது. நூல் சுற்றுகிற பிரிவில் தினக்கூலி. செட்டியார்பட்டியிலிருந்து தினமும் நகர்ந்துகொண்டிருக்கிற பஸ்ஸைத் துரத்தி ஏறிப் பழகியவள் என்பதால் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவள் வெள்ளத்தாய். இந்த வரிசை கடைசிவரை மாறவேயில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா ஆவுடையம்மாள் தறியை நிறுத்தவில்லை. காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிறவள். இருமலுக்கு நடுவில்தான் பேச்சு வரும்.

"ஏட்டி, பந்தை ஒதைச்சா சம்பளம் தாரானா?"

"தாராவம்மா. மாசச் சம்பளம்."

"ஒதைக்கதுக்குச் சம்பளம்னா, ஒங்கப்பன் சாகும்போது மில் முதலாளியால்லா இருந்திருக்கணும்" என்றாள் ஆவுடையம்மாள். அதற்குமேல் அவள் மறுத்துப் பேசவில்லை.

பயிற்சியாளர் என்று வெளியிலிருந்து யாரையும் கூப்பிட்டு வீண் செலவு செய்யவில்லை. மில் டைம்கீப்பர் ஐயாதுரை இருந்தார். கபடி ஆடியவர், கையில் ஏற்கெனவே விசில் வைத்திருந்தவர், வேறென்ன தகுதி வேண்டும்? பழைய புத்தகக் கடையில் விதிப்புத்தகம் ஒன்று வாங்கி, அதில் கிழியாமல் இருந்த பக்கங்களை மட்டும் கற்றுக்கொடுத்தார்.

"நீ நடுவுல நில்லு. பந்து வந்தா முன்னால நிக்கவளுக்குக் குடு. வராட்டி, போயி வாங்கிட்டு வந்து குடு."

"நான் எப்ப சார் கோல் போட?"

"அது ஒன் சோலி இல்ல. நீ சென்டர் ஆஃப்."

நடுவில் ஆடுகிறவரை ஹாஃப் என்பது அந்தக் காலத்து வழக்கம். ஆனால் 'ஹ' என்கிற எழுத்து நம் பக்கத்து வாயில் தங்காது. சொல்லும்போதும் ஆஃப், எழுதும்போதும் ஆஃப். இந்த ஒரு எழுத்துக்காக ஒருத்தி பின்னால் என்ன பாடு படப்போகிறாள் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

முதல் ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில். பெண்கள் அரைக்கால் டவுசரில் ஓடுவார்கள் என்று கேள்விப்பட்டு, விளையாட்டின் மேல் தீராக் காதல் கொண்ட ஆண்கள் ஆயிரம் பேர் வேலைவெட்டியைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். முதலாளியோ மானஸ்தர். மில்லில் நெய்கிற பேண்டேஜ் துணியிலேயே கணுக்கால் வரைக்கும் பேண்ட் தைத்துக் கொடுத்திருந்தார். பதினோரு பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவர்கள் மாதிரி மைதானத்தில் இறங்க, பத்தாவது நிமிடத்தில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. மிச்சமிருந்தவர்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள். வெள்ளத்தாய் இரண்டு கோல் போட்டாள். இரண்டுக்கும் பந்து கொடுத்தது அழகுத்தாய். மாலை வெள்ளத்தாய்க்கு விழுந்தது.

அதற்கப்புறம் திண்டுக்கல், திருநெல்வேலி, பாலக்காடு என்று எட்டு வருடம் ஓடியது. பேப்பரில் மூன்று முறை படம் வந்தது. மூன்றிலும் வெள்ளத்தாய் சிரித்துக்கொண்டிருப்பாள். ஒன்றில் மட்டும் அவளுக்குப் பின்னால் ஒரு காது தெரியும். அது தன் காதுதான் என்று அழகுத்தாய் அம்மாவிடம் தோட்டைக் காட்டி நிரூபித்தாள். வ. புதுப்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்து முடித்துவிட்டு, "புள்ளைக்குக் கோவம் வந்தா கால் நீளுமோ?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அழுதாளா என்றால், இல்லை. மறுநாள் திண்டுக்கல்லில் ஆட்டம் இருந்தது. அவளுக்கு அந்த ஆட்டம் அவ்வளவு பிடித்திருந்தது, அதுதான் விஷயம். எதிராளி காலிலிருந்து பந்தைப் பூப்போல உருவி, தலையை நிமிர்த்திப் பார்த்து, ஓடுகிறவளுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறபோது வருகிற சந்தோஷத்தை அவள் வேறெதிலும் கண்டதில்லை.

1993இல் முதலாளி காலமானார். மெட்ராஸில் படித்துவிட்டு வந்த மகன் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிப் பெட்டியில் நான்கு கோப்பை இருக்கிறது, இதற்குமேல் வைக்க இடமில்லை, எனவே அணியைக் கலைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார். படித்தவர் இல்லையா! ஆனால் சட்டம் தெரிந்தவர். இரண்டு வருடத்தில் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தவர்கள் பெர்மனென்ட். மற்றவர்களுக்கு நன்றியும் ஒரு எவர்சில்வர் குடமும்.

பெர்மனென்ட் என்றால் மருத்துவ அட்டை வரும். அம்மாவின் இருமலில் அப்போது ரத்தம் கலந்திருந்தது. அட்டை இருந்தால் மதுரைக்குக் கூட்டிப்போய்ப் படுக்கையில் சேர்க்கலாம். இல்லாவிட்டால் குடத்தில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். பதிமூன்று பெயர். ஆடியதைவிட அதிகமாகப் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்ற ரத்தினத்தின் பெயர்கூட இருந்தது. அழகுத்தாய் பெயர் இல்லை.

நேரே ஆபீஸ் கிளார்க் சீனிச்சாமியிடம் போனாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனால் தன்னிடம் தப்பே நடக்காது என்று நம்புகிற மனிதர். வருகைப் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். ஆட்ட நாட்களில் எல்லாருக்கும் 'வந்தார்' என்று குறித்திருந்தது. இவள் வரிசையில் மட்டும் 'ஆஃப்', 'ஆஃப்', 'ஆஃப்'.

"நானூத்தி எழுபத்தி நாலு நாளு. ஆறு கொறையுது" என்றார்.

"அண்ணாச்சி, நான் ஒரு ஆட்டம் விட்டதில்லையே! இது என்ன ஆஃப்பு?"

"ஐயாதுரை அனுப்பின லிஸ்டு இந்தா இருக்கு பாரு. வெள்ளத்தாய் பார்வர்டு, ரத்தினம் பேக்கு, அழகுத்தாய் ஆஃப்பு. ஆஃப்னா லீவுதானே? வாரம் ஒருக்கா எனக்கே ஆஃப் உண்டு."

"அது சென்டர் ஆஃப் அண்ணாச்சி! நடு மைதானத்துல ஆடுதவ!"

"ஆடுதவளுக்கு ஆஃப்னு எவனாச்சும் பேரு வைப்பானா?" என்று நியாயம் கேட்டார் சீனிச்சாமி.

இவ்வளவு நாளாக இது ஏன் தெரியவில்லை? ஆட்டக்காரிகளுக்கு மாதச் சம்பளம் மொத்தமாக உறையில் வந்துவிடும். பதிவேட்டை யார் எட்டிப் பார்த்தது? ஐயாதுரையிடம் போனாள். "நான் எழுதினதுல தப்பில்லையே தாயி" என்று விசிலைத் துடைத்தார். வெள்ளத்தாயிடம் போனாள். "நானும் ஒங்கூட ஆடினேன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லேன்" என்று கேட்டதற்கு, "எனக்குப் பந்து வரும், அடிப்பேன். எங்கிருந்து வந்துச்சுன்னு யாரு பாத்தா?" என்றாள் அந்த மகராசி. எட்டு வருடம் ஊட்டிவிட்ட கைக்கு, சே, காலுக்கு, நல்ல மரியாதை.

சின்ன முதலாளி வீட்டில் பேசுகிற தெலுங்கில் ஏதோ முனகிவிட்டுத் தமிழில் தீர்ப்புச் சொன்னார். பதிவேட்டைத் திருத்த முடியாது. மைதானத்தில் இருந்தாள் என்று நடுவர் ஆட்டத்தின்போதே கைப்பட எழுதிய தாள் வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு தாள். மாசக் கடைசிக்குள். அதுவரை ஆடுகிற ஆட்டமும் சேர்த்தி.

அந்த ஆட்டங்களுக்கெல்லாம் நடுவர் மதார் சாகிப். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடை, டார்ச் லைட் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். ஆட்டக்காரர் பட்டியல்கள் எல்லாம் கடைக் கூரை ஒழுகியதில் நனைந்து கூழாகிவிட்டன. ஊராருக்குக் குடை சரிபண்ணுகிறவர் வீட்டுக் கதை அப்படித்தானே இருக்கும்! மிஞ்சியது, எச்சரிக்கை வாங்கியவர்களின் பெயரை அவர் எழுதிவைக்கிற சின்ன நோட்டு மட்டும். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தேடினார்.

"ரெண்டு வருசத்துல அஞ்சு எடத்துல இருக்கம்மா ஒம்பேரு. விசில் ஊதின பொறவும் பந்தைத் தட்டினதுக்கு ரெண்டு, எங்கிட்ட வாதாடினதுக்கு மூணு."

"ஆறு வேணுமே பாய்."

"அஞ்சுதான் இருக்கு. நீ நல்லால்லா ஆடிருக்க! நல்லா ஆடுனவுக பேரை எழுத இந்த நோட்டுல எடம் கெடையாது தாயி. ஒருத்தியைக்கூடத் தள்ளிவிடாம ஆடுன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

பொய்யாக ஒன்று எழுதித் தரச் சொல்லிக் கேட்க அவளுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. கேட்டாலும் அவர் எழுதமாட்டார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. வழியெல்லாம் தன் காலையே திட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். சண்டாளக் காலு, ஒருத்தியையாவது உதைத்திருக்கக் கூடாதா?

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அணிக்கு வழியனுப்பு விழா. பெண்கள் அணிக்கும் ஆபீஸ் ஆண்களுக்கும் காட்சிப் போட்டி. நடுவர் மதார் சாகிப். காட்சிப் போட்டிக்குப் பட்டியல் கிடையாது, அவர் நோட்டில் பெயர் ஏறினால்தான் ஆறாவது தாள். அழகுத்தாய் ஒரே முடிவோடு இறங்கினாள். விளையாட்டுக்கு ஆடுகிற ஆட்டத்தில் வாதாடினால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார், யாரையாவது ஒருவரைச் சாய்க்க வேண்டும்.

சொல்வது லேசு. ஆபீஸ்காரர்கள் தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். இவள் காலை நீட்டுவாள். கால் பழக்கதோஷத்தில் ஆளை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் அழகாக உருவிக்கொண்டு வந்துவிடும். வந்த பந்து வெள்ளத்தாயிடம் போய்விடும். கூட்டம் கைதட்டும். நான்கு கோல் விழுந்தது. ஒவ்வொரு கைதட்டலுக்கும் அழகுத்தாய் அடுத்த தொந்தியைத் தேடி ஓடினாள். மதார் சாகிப் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் இவளைப் பார்த்தார்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது பந்து சீனிச்சாமி காலில் வந்து சிக்கியது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பந்து கிடைத்த பூரிப்பில் அவர் இவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

"ஏட்டி ஆஃப்பு, செத்த வெலகு!"

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. எட்டு வருடமாக யாரையும் தொடாத கால், பந்தை விட்டுவிட்டு ஆளுக்குப் போனது. சீனிச்சாமி அந்தரத்தில் ஒரு தரம் புரண்டு தரையில் விழுந்து, "ஐயோ அம்மா, கொன்னுட்டாளே" என்று அலறினார். மதார் சாகிப் ஊதின ஊதலில் மில் வாட்ச்மேன் ஷிப்ட் முடிந்துவிட்டது என்று கேட்டைத் திறந்தேவிட்டார்.

நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு நடுவர் வந்தார். எட்டு வருடமாகத் தெரிந்தவளாக இருந்தாலும் கேட்பது முறை.

"பேரு?"

அழகுத்தாய்க்கு மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. கூட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னாள்.

"அழகுத்தாய்! சென்டர் ஆஃப்! நல்லா எழுதிக்கோங்க பாய்!"

அவர் எழுதினார். தேதியும் போட்டார்.

மருத்துவ அட்டை அடுத்த மாதம் வந்தது. ஆவுடையம்மாள் மதுரையில் எழுபது நாள் படுத்து எழுந்து, "ஒதைக்கதுலயும் புண்ணியம் இருக்கும்போலட்டி" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்பினாள். அழகுத்தாய் பெர்மனென்ட் தொழிலாளியாக நூல் சுற்றப் போனாள். பந்தை அப்புறம் தொடவேயில்லை; தொடச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. பெர்மனென்ட்டாக வேலைக்குப் போன முதல் நாள், தன் பெயரை எப்படிக் குறிக்கிறார்கள் என்று ஆபீசுக்குள் போய் எட்டிப் பார்த்தாள். சீனிச்சாமி காலில் மில்லின் பேண்டேஜ் துணியே சுற்றி வீட்டில் கிடந்ததால், பதிவேடு ஐயாதுரை கையில் இருந்தது. அழகுத்தாய், வந்தார். அதற்கு நாலு வரி கீழே, சீனிச்சாமி, ஆஃப்.