என் தொண்டைக் கட்டியும் சலோமியின் கூழும்

எச்சில் விழுங்கும்போது வலது பக்கம் முள் குத்துவதுபோல் இருந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது. அறுபதுகளின் தொடக்கம், உத்திரமேரூர் பக்கம் மானாம்பதியில் நான் வாழ்க்கைப்பட்டு இரண்டாவது வருஷம். கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி வாயைத் திறந்து பார்த்தேன். டான்சில் (தொண்டையின் இருபுறமும் இருக்கும் சதை உருண்டை) சிவந்து, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

மாமியாரிடம் காட்டினேன். "ஒடம்பு சூடுடி. கஷாயம் குடிச்சா பூடும்" என்றார்.

போகவில்லை. மறுநாள் களையெடுப்பைப் பார்த்துக்கொள்ள வயலுக்குப் போயிருந்தேன். சோறு இறங்காமல் மூடி வைத்ததை, சேரியிலிருந்து எங்களிடம் கூலிக்கு வரும் சலோமி கவனித்துவிட்டாள். தன் சட்டியில் இருந்த கேழ்வரகுக் கூழை நீர்க்கக் கரைத்து நீட்டினாள்.

"தண்ணியாத்தான் கீது சின்னம்மா. மெதுவா முழுங்கு."

குடித்தேன். எங்கள் வீட்டில் அவர்கள் கைபட்டதைச் சாப்பிடக்கூடாது. அவர்கள் நட்டு, களையெடுத்து, அறுத்துப் போட்ட நெல்லை மட்டும் சாப்பிடலாம். அன்று என் வயிற்றுக்குள் போனது அந்தக் கூழ் ஒன்றுதான்.

அடுத்த சில நாளில் வலது பக்கம் கட்டியாகத் திரண்டு, உள்நாக்கை இடதுபக்கம் தள்ளிவிட்டது. காய்ச்சல் கொதித்தது. தாடை இறுகி வாயில் ஒரு விரல்கூடச் சரியாக நுழையவில்லை. பேசினால் துணியை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழறியது.

தொண்டையில் கட்டி வந்தால், யாரோ சாப்பாட்டில் இடுமருந்து கலந்து கொடுத்துவிட்டார்கள் என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். அதைக் குழல் வைத்து உறிஞ்சி எடுக்க ஆள் உண்டு. மாமியார் அப்படி ஒருவரை வரவழைத்தார்.

"வெளி ஆளுங்க கையால எதனா வாங்கித் துன்னியாம்மா?" என்று வந்தவர் கேட்டார்.

ஆமென்று தலையசைத்தேன். வலி வந்ததால்தான் கூழ் குடித்தேன், கூழ் குடித்து வலி வரவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் திறக்கவில்லை. குழறியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அந்த சலோமிதான். கூழ் குடுத்தாள்னு களைக்கி வந்தவளுங்க பேசிக்கினாளுங்க" என்றார் மாமியார்.

வந்தவர் என் கழுத்தில் குழலை வைத்து உறிஞ்சினார். கிண்ணத்தில் ஒரு மயிர்ச்சுருளைத் துப்பினார். எல்லோரும் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்கள். நான் நாக்கால் தடவிப் பார்த்தேன். கட்டி அதே இடத்தில்தான் இருந்தது. என் வாயை எட்டிப் பார்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று மாலையே சலோமியிடம் இனி வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்கள். மற்ற நிலக்காரர்களும் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிய ஆரம்பித்த பிறகுதான் என் கணவர் காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த பெண் டாக்டர் நாக்கை அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது சீழ்க்கட்டிங்க. புள்ளி வந்தப்பவே கூட்டினு வந்திருக்கலாமே! இன்னும் விட்டிருந்தா மூச்சே அடைச்சிருக்கும்" என்று என் கணவரிடம் சொன்னார்.

கட்டியைக் கீறினார். வாய் நிறையச் சீழ் வந்தது. அதில் மயிர் இல்லை. பெனிசிலின் (சீழ் உண்டாக்கும் கிருமிகளைக் கொல்லும் மருந்து) ஊசி தொடர்ந்து போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் பேச்சு வந்துவிட்டது.

வீடு திரும்பியதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் மாமியாரிடம் சொன்னேன். "குழல் வெச்சி மருந்த எடுத்ததாலதான்டி ஊசி கேட்டுச்சி" என்றார். கூட இருந்து கேட்ட கணவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை.

உங்கள் தொண்டையில் புள்ளியோ கட்டியோ கண்டால் பதற வேண்டாம். பல தானாகவே ஆறிவிடும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், வாய் திறக்காவிட்டால், எச்சில் இறங்காவிட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள். வலியில்லாத கட்டியும் வாரக்கணக்கில் கரையாமல் இருந்தால் காட்டிவிடுங்கள். யார் கொடுத்ததைச் சாப்பிட்டாய் என்று கேட்பவரிடம் போகாதீர்கள்.

விழுங்குவது ஒரு வேலை என்று முன்பு எனக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு மிடறும் தெரிகிறது. காலையில் கண் விழித்ததும் எச்சிலை விழுங்கிப் பார்த்த பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.

நான் தேறியபின் வந்த அடுத்த நடவின்போது, பக்கத்து ஊர் வயலில் சலோமியைப் பார்த்தேன். தினமும் அவ்வளவு தூரம் நடந்து வேலைக்குப் போகிறாளாம். சாப்பாட்டு நேரம். எல்லோருக்கும் எதிரிலேயே கை நீட்டிக் கூழ் கேட்டேன்.

"வேணாம் சின்னம்மா. நாளிக்கி உனுக்கு ஒரு தும்மல் வந்தாகூட எம் புள்ளைங்கதான் பட்னி கெடக்கணும்."

சட்டியை மூடிவிட்டு வயலில் இறங்கிவிட்டாள். நான் வரப்பிலேயே நின்றேன். எச்சிலை விழுங்கினேன். வலியே இல்லாமல் இறங்கியது.