நாலு தளமும் ஒரே வாசலும்

என் அத்தான் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். கடையிலிருந்து வந்ததும் கணினி முன் உட்கார்ந்து, கைக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுவார். தையல் மெஷின், மேசை விசிறி, சுவர்க் கடிகாரம், தண்ணீர் மோட்டார் என்று பதினோரு வருடத்தில் நாலு சின்ன இணையத்தளங்கள். தினமும் ஐயாயிரம் பேர் படித்தார்கள். விளம்பர வருமானத்தில் குடும்பம் ஓடும் என்று தெரிந்ததும் கடை வேலையை விட்டார். நாலையும் ஒரே பெரிய தளமாக்க உட்கார்ந்தார்.

கடைசி வேலை, பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய தளத்துக்குத் திருப்பிவிடுவது. அத்தனை பேரையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பினார்.

"அந்தந்தப் பக்கத்துக்கு அனுப்பணும் இல்லையா அத்தான்?"

"வீட்டுக்கு வர்றவங்க வாசல் வழியாத்தாம்மா வரணும். ஜன்னல் ஏறியா குதிப்பாங்க?"

ஊசி ஏன் உடைகிறது என்று தேடி வந்தவர்கள் முகப்பில் மோட்டார் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரே மாதத்தில் ஐயாயிரம் பேர் முந்நூறு பேராகக் குறைந்தார்கள். இணையத்தில் தேடினால் எங்கள் தளம் கண்ணிலேயே படவில்லை.

ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்குரிய பக்கத்துக்கே திருப்ப உட்கார்ந்தோம். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது முகவரிகள். அவர் பழையதை வாசிக்க, நான் அதற்குரிய புதியதைத் தேடி எதிரே ஒட்டினேன். பதினாறு நாள். அக்கா சாப்பாட்டுத் தட்டை விசைப்பலகை பக்கத்திலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போவாள்.

"வாசலைப் பெருக்கியாச்சா? யாராச்சும் வந்தாங்களா?" என்றாள் ஒரு நாள்.

"குத்து. ஊசி உடையற வரைக்கும் குத்து" என்றார் அத்தான்.

மூவரில் யாரும் சிரிக்கவில்லை.

எல்லாம் முடித்த பிறகும் தினமும் இருநூற்று எண்பது பேர்தான்.

"இனி ஏறும்ல?" என்று என்னைக் கேட்டார்.

"ஏறலாம் அத்தான். மாசக்கணக்காகலாம். ஏறாமலும் போகலாம்."

மாதக்கணக்கில் காத்திருக்க வீட்டில் வழியில்லை. மறுநாள் பழைய முதலாளிக்கு ஃபோன் செய்தார். முதலாளியின் குரல் எனக்கும் அக்காவுக்கும் கேட்டது.

"உன் இடத்துல வேற ஆள் உக்காந்தாச்சேப்பா. மெஷினை இறக்கி, துடைச்சு, எண்ணெய் போடற வேலைதான் இருக்கு. உனக்கு அது சரிப்படுமா?"

அத்தான் எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு வரணும்ணே?"