காலின்னு யார் சொன்னது?

"காலியா? காலின்னு யார் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டேதான் ராதோய்கா மூக்குக் கண்ணாடியைத் துடைப்பாள். பான்சேவோ நகரத்து மீன் சந்தைக்குப் பின்னால் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். தீர்ந்துபோன தீப்பெட்டியைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எறிவாள். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பாகத்தை அழிக்கச் சொல்லி வருகிறவர்கள், உள்ளே ஒன்றுமில்லை என்று அம்மா மேல் சத்தியம் செய்ய வேண்டும். செய்த பிறகும் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து துழாவுவாள்.

வேலை தொடங்கிவிட்டால் காபி அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுவாள். வந்தவர்கள் குளிரில் நடுங்குவார்கள். "ஃபியூஸ் போச்சுன்னா உங்க தாத்தாவா வந்து மீட்டுக் குடுப்பாரு?" என்பாள். பயந்தாங்கொள்ளி என்று சந்தையே கேலி செய்கிறது. பயம்தான். அதை அவள் மறைப்பதும் இல்லை.

கோஷவா என்னும் குளிர்காற்று கதவுகளை உலுக்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஒப்ராத் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் டிஸ்க்கில் சி என்ற பாகம் நிரம்பி வழிகிறது. படங்கள் இருக்கும் டி-யில் பாதி இடம் சும்மா கிடக்கிறது. ஆனால் அந்த இடம் டி-யின் கடைக்கோடியில் இருந்தது. அதைச் சி-க்குக் கொடுக்க, படங்களையெல்லாம் பின்னுக்கு நகர்த்தியாக வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் படங்கள் பழைய இடத்திலும் இருக்காது, புது இடத்திலும் இருக்காது.

"இதுக்கெல்லாம் வேற நகல் வச்சிருக்கியாடா?"

"இருக்குக்கா. நீ ஆரம்பி."

பாதிக்கு மேல் நகர்ந்திருந்தபோது தெரு முழுக்க மின்சாரம் போனது. யூ.பி.எஸ். கீச்சிடத் தொடங்கியது. பழைய பேட்டரி, வெகுநேரம் தாங்காது.

"போனாப் போவுது, நகல்தான் இருக்கே" என்று ராதோய்கா தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். ஒப்ராத் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"டேய், இருக்குல்ல?"

"கேமரா கார்டை அழிச்சிட்டேன்க்கா. சனிக்கிழமை எடுத்த கல்யாணம் இதுல மட்டுந்தான் இருக்கு. பொண்ணோட அப்பா கசாப்புக் கடைக்காரரு."

"அடப்பாவி! உன்னைக் கொக்கியில மாட்டுனா எனக்கென்ன? அந்தப் பொண்ணு என்னடா பண்ணா?"

முகம் தெரியாத ஒருத்தியின் கல்யாண நாள் இந்தப் பெட்டிக்குள் பாதி வழியில் நிற்கிறது. பேட்டரியை மிச்சம் பிடிக்க இருந்தது ஒரே வழி. திரையை அணைத்தாள். இனி எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க முடியாது. பெட்டியின் மேல் காதை வைத்தாள். உள்ளே டிஸ்க் கரகரத்துக்கொண்டிருந்தது. காற்று ஜன்னலை அறையும்போதெல்லாம் அந்தச் சத்தம் காதுக்கு எட்டாமல் போய், அவள் மூச்சும் நின்று நின்று வந்தது.

திடீரென்று கரகரப்பு ஓய்ந்தது. யூ.பி.எஸ். மட்டும் விடாமல் கத்தியது.

"முடிஞ்சிருச்சாக்கா?"

"முடிஞ்சுதோ, செத்துதோ. எனக்கென்னடா தெரியும்?"

திரையின் பொத்தான் வரைக்கும் போன அவள் விரல் பின்வாங்கியது. ஒப்ராத்தின் கையைப் பிடித்து இழுத்து, அவன் விரலைப் பொத்தான் மேல் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.