மஞ்சள் நீரில் முக்கியெடுத்த வேட்டி

எங்கள் ஊர் வேப்பந்தட்டைப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே. பச்சைமலை அடிவாரத்தில் ஊர்கள் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். எல்லாவற்றிலும் நுழைந்து வந்தால் பஸ் பெரம்பலூர் சேர மத்தியானமாகிவிடும். அதனால் எழுபதுகளில் ஒரு ஏற்பாடு இருந்தது. பஸ் ஏற ஆள் இருந்தால் ஊரோரப் பாறையில் நட்ட மூங்கிலில் வெள்ளை வேட்டியை ஏற்றுவோம். டிரைவர் ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டு உள்ளே திருப்புவார். சிவப்புத் துணி என்றால் நோயாளி. வழியில் எங்கும் நிற்காமல் வருவார்.

எனக்கு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. பத்து மணிக்குப் பெரம்பலூரில் இருக்க வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். அதற்குள் என்னைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

அன்று விடியலில் பனி இறங்கிச் சோளக்கொல்லைகள் மிதந்துகொண்டிருந்தன. பாறைமேல் அம்மா ஏற்றிய வேட்டி செக்கச்செவேலென்று அசைந்தது. உதயத்தின் நிறம் அதில் விழுந்திருக்கிறது என்று நினைத்து ரசித்தபடி நின்றேன், முட்டாள்.

ஹாரனை அமுக்கிக்கொண்டே பஸ் வந்தது. கடைசி நீள சீட்டைக் காலிசெய்து, யாரோ துண்டு விரித்து வைத்திருந்தார்கள்.

"நோயாளி எங்கம்மா?" என்று டிரைவர் குதித்து இறங்கினார்.

அம்மா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். இரண்டும் மஞ்சள்.

"நல்ல காரியத்துக்குப் போற புள்ள, வெறும் வெள்ளைத்துணி ஆவாதுன்னு இருட்டோட மஞ்சத்தண்ணியில முக்குனேங்க" என்றாள்.

முதல்நாள்தான் சவுக்காரம் போட்டு வெளுத்த வேட்டி. தண்ணீர்ப் பஞ்சத்தில் சரியாக அலசவில்லை. மஞ்சள் பட்டதும் ஆரத்தி நீர் மாதிரி சிவந்துவிட்டது.

"ரெண்டு ஊரு ஆளுங்கள உட்டுட்டு வந்துட்டேனே!" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளை வேட்டி ஏற்றியிருந்தும் அவர் உள்ளே திரும்பாமல் வந்த ஊர்கள் அவை. அங்கேயும் யாராவது என்னைப்போல நின்றிருப்பார்கள்.

"திரும்பிப் போய் ஏத்திக்கங்க" என்றேன். சொன்ன பிறகுதான் பத்து மணி இன்டர்வியூ ஞாபகம் வந்தது.

திரும்பிப் போனோம். ஏறியவர்களில் ஒருவர்கூடத் திட்டவில்லை. கடைசி சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. "ஒனக்குன்னு உட்ட எடம், உக்காரும்மா" என்றார் கண்டக்டர். ஜன்னலில் மலை பின்னால் நழுவியது. பயமெல்லாம் எங்கோ போய், பஸ்ஸின் ஆட்டத்தில் பாதித் தூக்கத்தில் கிடந்தேன்.

ஆபீஸில் என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். எல்லோரும் போனபின் என்னை உள்ளே விட்டார்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்டார் அதிகாரி. சொன்னேன். சிரிப்பு அடங்க அவருக்கு நேரமானது.

வேலை தா.பழூர்ப் பக்கம் கிடைத்தது. ரோட்டை ஒட்டியே வரிசையாக ஊர்கள், இருபுறமும் நெல்வயல். அங்கே துணி ஏற்றத் தேவையில்லை, அரைமணிக்கொரு பஸ். நல்ல வசதிதான். முதல் வாரத்தில் ஒருநாள் ஓடி வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்தது வந்துவிடும் என்று தெரிந்தும் ரோட்டோரத்தில் நின்று அழுதேன். நான் ஏறாததை அந்தப் பஸ்ஸில் ஒருவரும் கவனிக்கவில்லை.